நாற்பத்தொரு சதவிகித லவண்டர்

கைக்குட்டையில் செண்ட் தெளித்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. வாசனைத் தைலக் கம்பெனியில் பதினெட்டு வருடம் தலைமைப் பரிசோதகனாக இருந்தவன் இப்படிச் சொல்வது உங்களுக்கு விசித்திரமாக இருக்கலாம், இன்ஸ்பெக்டர் அவர்களே. ஆனால் வாக்குமூலம் என்று எழுத உட்கார்ந்தால் சின்ன உண்மையிலிருந்து தொடங்குவதுதான் ஒழுங்கு.

நல்ல காகிதம் கொடுத்திருக்கிறீர்கள். அதற்கு நன்றி. நேற்று உங்கள் ரைட்டர் மூன்றே வரியில் என்னை முடித்துவிடப் பார்த்தார். மூன்று வரியில் முடிவது சாராயக்கடைச் சண்டை. என் விஷயத்தில் இரசாயனம் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளாமல் என்னைப் புரிந்துகொள்ள முடியாது.

என் பெயர் தியோடர் சற்குணம். பிரேசர் டவுனில் சொந்த வீடு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் மூன்றாவது பெஞ்சு. மனைவி காலமாகி ஆறு வருடம் ஆகிறது. கிழக்கு ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் கம்பெனிக்கு வருகிற தைலம் எதுவாக இருந்தாலும், என் கையெழுத்து விழாமல் ஒரு சொட்டுக்கூட சோப்பில் கலக்க முடியாது. நீங்கள் காலையில் முகம் கழுவிய சோப்புகூட என் அனுமதி பெற்றதாக இருக்கலாம்.

லவண்டர் தைலம் என்பது ஒரே பொருள் அல்ல. பல பொருள்கள் ஒன்றாகக் குடித்தனம் செய்யும் வீடு. லினலைல் அசிடேட் என்ற எஸ்டர்தான் அந்த வீட்டின் எஜமானி. இனிமை முழுவதும் அவளுடையது. லினலூல் அவளுடைய சாதுவான சகோதரி. கொஞ்சம் கற்பூரம், கொஞ்சம் சினியோல்; இவை வாசலில் நிற்கிற முரடர்கள், அளவோடு இருந்தால் வீட்டுக்குக் காவல். ஸ்பைக் என்று ஒரு மட்டமான இனம் உண்டு. அதில் எஜமானி கிடையாது, முரடர்கள் மட்டும்தான். ஆகவே எஸ்டர் எவ்வளவு என்று அளந்துவிட்டால் தைலத்தின் குலம் கோத்திரம் தெரிந்துவிடும். சாராயத்தில் கரைத்த பொட்டாஷோடு ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து, மிஞ்சிய காரத்தை அமிலத்தால் அளக்க வேண்டும். இளஞ்சிவப்பு நிறம் மறைகிற கணத்தில் நிறுத்த வேண்டும். முப்பத்தைந்து சதவிகிதம் என்றால் மரியாதையான தைலம். நாற்பது என்றால் எழுந்து நின்று வரவேற்கலாம்.

சிலர் மோந்து பார்த்தே சொல்லிவிடுவார்கள். நான் அதை மதிப்பதில்லை. மூக்கு படிக்காதவர்களின் கருவி. ஜலதோஷம் பிடித்தால் லீவு போட்டுவிடும். எண்ணுக்கு ஜலதோஷம் பிடிக்காது.

மதலைமுத்துவுக்கு இருந்தது அப்படிப்பட்ட மூக்குதான். எங்கள் கொட்டகையில் செம்புக் கொப்பரைகளைக் கவனித்துக்கொள்கிற ஆள். வெட்டிவேரையும் சந்தனத்தூளையும் கொப்பரையில் போட்டு, தண்ணீர் விட்டு, மூடியைத் திருகி, அடியில் நெருப்பிட்டுத் தைலம் வடிப்பது அவன் வேலை. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கேட்டைத் தாண்டி ஒருவர் வரும்போதே, அவர் ஏறி வந்த ஜட்காக் குதிரை காலையில் புல் தின்றதா கொள்ளு தின்றதா என்று சொல்லிவிடுவான். ஒல்லியான உடம்பு, பெரிய கைகள். பிரிஜெட் என்று ஒரு மனைவி, பிள்ளைகள் இல்லை. எனக்கு அவன்மேல் சொந்த விரோதம் எதுவும் கிடையாது. இதை நீங்கள் அடிக்கோடிட்டுக்கொள்ளலாம்.

போன வருடக் கடைசியில் மார்சேய் துறைமுகத்திலிருந்து ஒரு பீப்பாய் லவண்டர் வந்தது. மதலைமுத்து மூடியைக் கழற்றி, காகிதத் துண்டை நனைத்து, கண்ணை மூடிக்கொண்டு மோந்தான். பிறகு காகிதத்தை என் மேசையில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டான்.

"சார், இது அது இல்லைங்க."

"எது எது இல்லை?"

"லவண்டர் இல்லைங்க. லவண்டரோட சித்தப்பன் மவன். கற்பூரம் தூக்கியடிக்குது. அதுக்குள்ள வாசனையே இல்லாத ஒண்ணு படுத்துக் கெடக்குது."

"வாசனையே இல்லாததை எப்படியப்பா மோந்தே?"

"பக்கத்துல இருக்கிற வாசனையெல்லாம் சும்மனே தூங்குதுங்களே சார். யாரோ கம்பளி போத்துன மாதிரி."

நான் சிரித்துவிட்டு அளந்தேன். நாற்பத்தொன்று. நாற்பத்தொரு சதவிகித எஸ்டர், இன்ஸ்பெக்டர் அவர்களே. என் வாழ்க்கையில் நான் பார்த்த மிக அழகான எண் அது. தைலத்தின் கனம் மட்டும் புத்தகத்தில் சொன்னதைவிடச் சற்று அதிகமாக இருந்தது. பெங்களூர் மூவாயிரம் அடி உயரத்தில் இருப்பதால் என்று குறிப்பெழுதினேன். வாசனையற்ற ஒரு செயற்கை எண்ணெயைக் கலந்து எஸ்டர் எண்ணை உயர்த்திக் காட்டுகிற மோசடி ஐரோப்பாவில் நடப்பதாக அதே புத்தகத்தில் இருந்தது. சந்தேகம் வந்தால் கொஞ்சம் தைலத்தை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து ஆவியாக்கி, அடியில் பிசுக்குத் தங்குகிறதா என்று பார்க்க வேண்டும் என்றும் இருந்தது. எனக்குச் சந்தேகம் வரவில்லை. ஆகவே பார்க்கவில்லை.

அந்த எண்ணை ஒரு கம்பெனி அலமாரியில் பூட்டி வைக்க எனக்கு மனம் வரவில்லை. கண்டோன்மெண்ட் விஞ்ஞான விருத்திச் சங்கத்தில் உபதலைவர் பதவி காலியாக இருந்தது. வருடாந்தரக் கூட்டத்தில் சிறந்த கட்டுரை வாசிக்கிறவருக்கு அது என்று பேச்சு. உபதலைவர்களின் பெயர்கள் எழுதிய தேக்குப் பலகையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். தங்க எழுத்து. கடைசிப் பெயருக்குக் கீழே சரியாக ஒரு பெயருக்கு மட்டும் இடம் இருந்தது.

சங்கத்தின் தலைவர் ராவ் சாஹிப் வைத்தீஸ்வரன். மைசூர் சர்க்காரில் முப்பது வருடம் காகிதம், பென்சில், மை சப்ளை செய்யும் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். விஞ்ஞானத்துக்கும் அவருக்கும் உள்ள உறவு பென்சில் வழியாக வந்தது. மல்லேஸ்வரத்திலிருந்து சொந்தக் காரில் வந்து, முதல் பக்கம் வாசிக்கும்போது தூங்கி, கைதட்டலுக்கு எழுந்து, "பேஷ்" என்பார். செயலாளர் ரெமிஜியஸ், பூகோள வாத்தியார். அவருக்கு விதிகள்தான் உயிர். கட்டுரையில் ஒப்பீடு இருக்க வேண்டும் என்பது ஒரு விதி. கட்டுரையில் சொல்லப்படும் பொருளின் மாதிரி ஒவ்வொரு அங்கத்தினர் கைக்கும் வந்துபோக வேண்டும் என்பது இன்னொரு விதி. எரிமலையைப் பற்றிக் கட்டுரை வாசித்தவரைக்கூட அவர் விடவில்லை; அந்த மனிதர் அடுப்புச் சாம்பலைக் கொண்டுவந்து கொடுத்துத் தப்பினார்.

என் கட்டுரையின் தலைப்பு 'லவண்டர் தைலத்தின் இரசாயன அமைப்பும் உயிர்வினையும்'. அமைப்பு முடிந்துவிட்டது: நாற்பத்தொன்று. உயிர்வினைக்கு, அதாவது உயிருள்ள உடம்பில் தைலம் என்ன செய்கிறது என்பதற்கு, நான் இரண்டு தவளைகளையும் ஒரு முயலையும் உபயோகித்திருந்தேன். தவளைகள் செத்தன, முயல் பிழைத்தது. முயலின் தீப்புண் ஆறியது என்று எழுதிக் காண்பித்தபோது ரெமிஜியஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன மிஸ்டர் சற்குணம், முயல் தானாக் கூட ஆறியிருக்கலாமே? ஒப்பீடு எங்கே? அதே ஆளு, அதே புண்ணு, ஒண்ணுல தைலம், ஒண்ணுல ஒண்ணுமில்லே. அப்படிக் கொண்டாங்க, நான் வாயே திறக்கமாட்டேன்."

இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். 'அதே ஆள்' என்று சொன்னது சங்கத்தின் செயலாளர். நான் அல்ல.

மதலைமுத்துவிடம் விளக்கமாகச் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் தன் முன்னங்கைகளைப் பார்த்தான். "கொப்பரை நெருப்புல வேகாத கையா சார்? உங்களுக்கு ஒபயோகம்னா வெச்சுக்கோங்க" என்றான். ஒரு காகிதத்தில் கைநாட்டும் வாங்கிக்கொண்டேன். அது என் மேசை இழுப்பறையில், இடது பக்கம் இருக்கிறது.

தராசிலிருந்து ஒரே அளவான இரண்டு பித்தளை எடைக்கற்களை எடுத்து விளக்கில் பழுக்கக் காய்ச்சினேன். இடுக்கியால் எடுத்து, இடது முன்னங்கையில் ஒன்றும் வலது முன்னங்கையில் ஒன்றும் வைத்து, கடிகாரத்தைப் பார்த்து நான்கு விநாடி எண்ணினேன். புகை வந்தது. அவன் கத்தவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டதில் கீழுதடு கிழிந்து தாடையில் ரத்தம் வழிந்தது. அந்தக் காயத்தை நான் ஆய்வில் சேர்க்கவில்லை. அது திட்டத்தில் இல்லாதது. இரண்டு புண்களும் அரை ரூபாய் அகலம், வட்டம், கச்சிதம். இடது கைக்குக் காலை மாலை தைலம். வலது கைக்கு ஒன்றுமில்லை.

ஒன்பதாம் நாள் கட்டவிழ்த்துப் பார்த்தேன். வலது கை காய்ந்து, ஓரத்தில் புதுத்தோல் பிடித்திருந்தது. இடது கையில், தைலமிட்ட கையில், சதை கறுத்து, நடுவில் மஞ்சளாகச் சீழ் கோத்திருந்தது. முழங்கை வரை வீக்கம்.

"வலது கையில் என்ன போட்டே?"

"ஒண்ணும் போடலைங்க சார். கொழாத் தண்ணியில கழுவுறதோட சரி."

"பிரிஜெட் ஏதாவது போட்டாளா?"

"அவ இந்தக் கைய எட்டிக்கூடப் பாக்கலைங்க. அடுத்த கையப் பாத்துதான் அழுவுறா."

தங்களுக்கு வேண்டிய விடை வராவிட்டால் எண்களைத் திருத்துகிற ஆட்கள் இருக்கிறார்கள். நான் அந்த ஜாதி அல்ல. பதினெட்டு வருடத்தில் ஒரு தசமப் புள்ளியைக்கூட இடம் மாற்றி வைத்ததில்லை. ஆனால் கட்டுரை டைப் ஆகிவிட்டிருந்தது. 'தைலமிட்ட கை ஆறியது; தைலமிடாத கை சீழ்பிடித்தது' என்று ஆறாம் பக்கத்தில் தெளிவாக இருந்தது. காகிதத்தில் கைவைப்பது மோசடி. ஆகவே காகிதத்தைத் தொடவில்லை. கையைத் திருத்தினேன்.

கட்டு மாற்றுவதாகச் சொல்லி அவனைப் பட்டறை மேசைக்குக் கூப்பிட்டு, வலது மணிக்கட்டை இரும்புப் பிடிகருவியில் வைத்து இறுக்கினேன். சற்று அதிகமாக இறுக்கிவிட்டேன் போலிருக்கிறது. உள்ளே ஏதோ ஒன்று சத்தமாக முறிந்தது. இந்தத் தடவை பெரிய எடைக்கல். இருபது விநாடி. அதன்மேல் அடுப்புக்கரியும் குதிரைச் சாணமும் கலந்து அழுத்தித் தேய்த்தேன். இந்தத் தடவை அவன் கத்தினான். அடுத்த கொட்டகையில் சோப்பு வெட்டும் எந்திரம் ஓடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் தொந்தரவில்லை. இடது கையைப் பொறுத்தவரை, கறுத்த சதையைக் கத்தியால் சீவி எடுத்துச் சிவப்பாக்கினேன். பார்வைக்கு ஆறுகிற புண் போலவே இருந்தது.

சில நாள் கழித்து, யுகாதி விடுமுறைக்கு முந்தைய நாள் அது. மத்தியானம் எல்லோரும் போன பிறகு மதலைமுத்து வந்தான். வழக்கம்போலக் கொட்டகை வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்தான். இரண்டு கைகளும் பிரிஜெட்டின் பழைய புடவைத் துணியில் சுற்றியிருந்தன. காய்ச்சலில் கண் சிவந்திருந்தது. என் மேசைக்கு எதிரே இருந்த நாற்காலியில் கேட்காமல் உட்கார்ந்தான். பதினெட்டு வருடத்தில் முதல் தடவை.

"சார், பதினெட்டு வருசமா நான் உங்களுக்கு மூக்கா இருந்தேன்" என்றான்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டியிருக்கிறது. இன்ஃப்ளுயன்சா வந்த வருடத்தில் எனக்கும் அந்தக் காய்ச்சல் வந்தது. உயிர் தங்கியது, மோப்பம் போய்விட்டது. ரோஜாவும் ஒன்று, சாக்கடையும் ஒன்று. அதற்கு இரண்டு மாதம் கழித்துத்தான் இந்தக் கம்பெனி வேலை கிடைத்தது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சேர்ந்த முதல் வாரம் என் அறை அலமாரிக்குப் பின்னால் ஒரு பெருச்சாளி செத்துக் கிடந்திருக்கிறது. நான்கு நாள் அதன் பக்கத்தில் உட்கார்ந்து டிபன் சாப்பிட்டிருக்கிறேன். மதலைமுத்து ஒன்றும் பேசாமல் அதை முறத்தில் எடுத்துக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வந்து, என்னை ஒரு மாதிரி பார்த்தான். அன்றிலிருந்து எந்தத் தைலம் வந்தாலும் அவனாக வந்து மோந்து, யாரிடமோ பேசுவதுபோல, "இது நல்ல ஜெரேனியம்", "இதுல மண்ணெண்ணெய் கலந்துட்டான்" என்று முணுமுணுத்துவிட்டுப் போவான். நான் அதை இரண்டு பக்கத்துக்கு எழுதிக் கையெழுத்திடுவேன். இதைப்பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

இப்போது பேசினான்.

"நீங்க எம்மேல நெருப்பு வெச்சீங்க, பொறுத்துக்கிட்டேன். ஒடம்பு தானே. ஆனா பொய்ச் சரக்கை நல்ல சரக்குன்னு சொல்றீங்களே, அது என் மூக்கு சொன்ன மாதிரி ஆவுது சார். சனிக்கிழமை கூட்டத்துக்கு நான் வர்றேன். அந்தப் பெரியவங்க முன்னால ரெண்டு கையையும் அவுத்துக் காட்டுறேன்."

"அவர்கள் உன்னை உள்ளேயே விடமாட்டார்கள்."

"விடுவாங்க. ரெண்டு பாட்டில் கொண்டாருவேன். ஒண்ணுல பன்னீர், ஒண்ணுல மூத்திரம். நீங்க மோந்து பாத்து எது எதுன்னு சொல்லிடுங்க சார். சரியாச் சொல்லிட்டீங்கன்னா, நான் பிரிஜெட்டைக் கூட்டிக்கிட்டு இந்த ஊர விட்டே போயிடறேன்."

அவன் சிரிக்கக்கூட இல்லை. மிகவும் நியாயமான ஒரு பரிசோதனையைத்தான் முன்வைத்தான். ரெமிஜியஸ் அதை உடனே ஏற்றுக்கொண்டிருப்பார். ஒப்பீடு, மாதிரி, இரண்டும் அதில் இருந்தன.

வெட்டிவேர் இடிக்கிற இரும்பு உலக்கை சுவரில் சாய்ந்திருந்தது. விஞ்ஞானத்தின் கௌரவம் ஒரு கொப்பரைக்காரனின் இரண்டு பாட்டிலில் தொங்குவது சரியல்ல என்று நினைத்தேன். முதல் அடி இடது காதுக்கு மேலே. நாற்காலியோடு சாய்ந்தான். இரண்டாவது அடியில் தாடை விலகிப் பற்கள் சிதறின. மறுநாள் பொறுக்கும்போது ஐந்து கிடைத்தன. தலையை மறைக்கக் கைகளைத் தூக்கினான். ஏற்கெனவே சேதமாகியிருந்த கைகள்; பெரிய உபயோகமில்லை. மூன்றாவது அடியில் அவையும் விழுந்தன. நான்காவது, மூக்கின் மேல். அது தேவையற்றது. அதற்காக மட்டும் வருந்துகிறேன்.

கொட்டகையின் கடைசியில் உபயோகத்தில் இல்லாத பழைய செம்புக் கொப்பரை ஒன்று இருந்தது. அவனை அதில் குந்தவைத்தேன். ஒல்லியான உடம்பு என்று முன்பே சொன்னேன். அப்போதுதான் கட்டுரைக்கு மூன்றாம் பகுதி ஒன்று தோன்றியது. லவண்டர் தைலம் அழுகலைத் தடுக்கும் என்று எல்லாப் புத்தகங்களும் சொல்கின்றன. ஆனால் தவளை அளவுக்கு மேல் யாரும் செய்து பார்த்ததில்லை. பீப்பாயில் இருந்த முழுத் தைலத்தையும் கொப்பரையில் ஊற்றினேன். இடுப்பு வரை வந்தது. மூடியை வைத்து எட்டுத் திருகாணிகளையும் முடுக்கினேன்.

முடுக்கிய பிறகு உள்ளேயிருந்து தட்டுவது போல ஒரு சத்தம் கேட்டது. தகரக் கூரை, நடுப்பகல், செம்பு சூடேறி விரிகிறபோது அப்படித்தான் ஒலிக்கும். சுமார் பத்து நிமிஷம் விரிந்தது. பிறகு நின்றுவிட்டது. நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

அன்று சாயங்காலம் பிரிஜெட் என் வீட்டு வாசலுக்கு வந்தாள். அடுத்த பீப்பாயை இறக்கிக்கொண்டு வர அவனை அவசரமாக மெட்ராஸ் துறைமுகத்துக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னேன். "அந்தக் கையோடயா ஐயா?" என்றாள். "பொறுப்பான ஆளைத்தானே அனுப்ப முடியும்?" என்றேன். அது உண்மையான பாராட்டு.

விடுமுறையில் இரண்டு நாளும் கொட்டகைக்குப் போனேன். மூடியில் உள்ளங்கையளவு ஒரு சிறிய திறப்பு உண்டு. அதைத் திறந்து, முறைப்படி மூக்கை வைத்து, மூச்சை உள்ளிழுத்தேன். 'முதல் நாள்: நாற்றம் எதுவும் தென்படவில்லை. இரண்டாம் நாள்: நாற்றம் எதுவும் தென்படவில்லை' என்று எழுதினேன். அந்தக் குறிப்புகள் நேர்மையானவை. தென்படவில்லை. ஈக்கள் மட்டும் கொப்பரையைச் சுற்றிக் கறுப்பாக மொய்த்திருந்தன. லவண்டருக்கு ஈக்களை ஈர்க்கும் உயிர்வினை உண்டு என்பது இதுவரை எவரும் பதிவு செய்யாத செய்தி. அதையும் சேர்த்துக்கொண்டேன்.

சனிக்கிழமை நான்கு மணிக்குக் கூட்டம். தைலம் வடிக்கும் முறையையும் அங்கத்தினர்கள் பார்க்கட்டும் என்று எங்கள் கொட்டகையிலேயே ஏற்பாடு செய்திருந்தேன். பதினான்கு பேர் வந்தார்கள். வாசலில் நுழைந்ததும் ஒவ்வொருவரும் ஒரு கணம் நின்றதையும், பிறகு ராவ் சாஹிபின் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே வந்ததையும் கவனித்தேன். மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

மாதிரி கைக்குக் கை போக வேண்டுமே. தைலம் முழுவதும் கொப்பரையில் இருந்தது. ஆகவே அதன் அடிக்குழாயைத் திறந்து பதினான்கு சிறு குப்பிகளில் பிடித்து வைத்திருந்தேன். நிறம் சற்று மங்கல். துணியால் வடிகட்டியதும் சரியாகிவிட்டது.

ராவ் சாஹிப் குப்பியைத் திறந்து ஆழமாக மோந்தார். கண்களில் நீர் வந்தது. மற்றவர்கள் குப்பியை விட்டுவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பேஷ்" என்றார். "இதுன்னா அசல். கடையிலே விக்கறானே, அதெல்லாம் வெறும் சர்க்கரைத் தண்ணி. ஊட்டியிலே கவர்னர் துரை பார்ட்டியிலே இதே வாசனைதான் வந்தது. என்ன ஓய் ரெமிஜியஸ்?"

ரெமிஜியஸின் முகம் வெளுத்திருந்தது. "ஆமாங்க. அடியில ஒரு... கஸ்தூரி மாதிரி ஒண்ணு தெரியுது. ரொம்ப அழுத்தமா."

"அதுதான் ஓய் எஸ்டர்."

"அதான் நினைச்சேன்."

அதற்குப் பிறகு எல்லோரும் மோந்தார்கள். ஒருவர் 'ஆழம்' என்றார். ஒருவர் 'பழைய சர்ச் மாதிரி' என்றார். பின் வரிசையில் இருந்த பல் டாக்டர் வெளியே போய் வாந்தியெடுத்துவிட்டு வந்து, வெயில் என்று மன்னிப்புக் கேட்டார். ராவ் சாஹிப் ஒரு சொட்டு எடுத்து மீசையில் தடவிக்கொண்டார். கைக்குட்டையை நனைத்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். நாற்பத்தொன்று என்ற எண்ணை நான் வாசித்தபோது கைதட்டினார்கள். மூன்றாம் பகுதிக்கு எழுந்து நின்று தட்டினார்கள். உட்கார்ந்திருக்க முடியவில்லை என்று இப்போது தோன்றுகிறது. என்னை உபதலைவராக ரெமிஜியஸ் முன்மொழிந்தார். எதிர்ப்பு இல்லை. மாலை போட்டார்கள். சம்பங்கி மாலை என்று சொன்னார்கள்.

நன்றியுரை நடந்துகொண்டிருந்தபோது வாசலில் பிரிஜெட் நின்றாள். கையில் ஒரு ஜோடி செருப்பு.

"ஐயா, இது வாசல்ல கெடக்குது. அவரு செருப்பு. வெறுங்காலோடயா மெட்ராசுக்குப் போனாரு?"

நான் உள்ளேயும் வெளியேயும் பூட்ஸோடு நடப்பவன். வாசலில் கிடக்கிற செருப்புகளை எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை. அதே வாசல் வழியாகப் பதினான்கு பேர் அவற்றைத் தாண்டி வந்திருக்கிறார்கள்.

நான் பதில் சொல்வதற்குள் அவள் முந்தானையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"பொண நாத்தம்" என்றாள்.

"அம்மா, அம்மா" என்றார் ராவ் சாஹிப். "இது ஃப்ரெஞ்ச் லவண்டர். உனக்குத் தெரியாது. ஒஸ்தி சரக்கு."

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு வரிசையாக எல்லோரையும் பார்த்தாள். "ஏன் பெரியவங்களே, இங்க ஒருத்தருக்குமா மூக்கு இல்லே?"

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், பிறகு கையிலிருந்த குப்பியைப் பார்த்தார்கள். இதை நம்புவீர்களோ மாட்டீர்களோ, இன்ஸ்பெக்டர் அவர்களே, அந்த ஒரு நிமிஷம் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக நான் தனியாக இல்லை.

பிரிஜெட் ஈக்கள் இருந்த பக்கம் நேராக நடந்தாள். புருஷனுடைய திருகுச்சாவி ஆணியில் மாட்டியிருந்தது. அதை எடுத்து ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றினாள். எட்டு. யாரும் தடுக்கவில்லை, யாரும் உதவவும் இல்லை. மூடி விழுந்த சத்தத்துக்குப் பிறகு நடந்தவற்றை ராவ் சாஹிப் உங்களிடம் சொல்லியிருப்பார், அவருக்குப் பேச்சு திரும்பியிருந்தால். மீசையை அங்கேயே ஒருவருடைய பேனாக்கத்தியால் அறுத்துக்கொண்டார் என்று கேள்வி.

மூடியின் உள்பக்கத்தில் கீறல்கள் இருப்பதாகவும், இறந்தவனுடைய நகங்களில் செம்புத் துகள் இருந்ததாகவும் உங்கள் டாக்டர் எழுதியிருப்பதை எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். நான் மறுக்கவில்லை. செம்பு விரிவடைவதைப் பற்றிய என் கருத்தை மேலே சொல்லியிருக்கிறேன். கோர்ட் எது சரியென்று தீர்மானிக்கட்டும். சர்க்கார் இரசாயனி அந்தத் தைலத்தை ஆவியாக்கிப் பார்த்ததில் அடியில் கெட்டிப் பிசுக்குத் தங்கியதாகவும், அது ஸ்பைக்கோடு செயற்கை எண்ணெய் கலந்த போலிச் சரக்கு என்றும் சொன்னீர்கள். பிசுக்குக்கு அந்தத் தைலத்தில் வேறு காரணங்கள் இருக்க இடமுண்டு. ஆனாலும் எஸ்டர் எண் என்ன வந்தது என்று அவரைக் கேளுங்கள்.

மதலைமுத்துவின் இரண்டு கைகளையும் நான்தான் எரித்தேன். மணிக்கட்டை முறித்தேன். உலக்கையால் நான்கு முறை அடித்தேன். கொப்பரையில் வைத்து மூடினேன். சுயநினைவோடு, யாருடைய தூண்டுதலும் இல்லாமல், விஞ்ஞானத்தின் நன்மைக்காக மட்டும் செய்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டிருக்கிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். நாளைக்கு இதைப் பத்திரிகைக்காரர்கள் பார்ப்பார்கள், கம்பெனியில் வாசிப்பார்கள், அந்தத் தேக்குப் பலகை இருக்கிற ஹாலில் வாசிப்பார்கள். மேலே இன்ஃப்ளுயன்சா, பெருச்சாளி என்று ஒரு பத்தி எழுதியிருக்கிறேன். அதை மட்டும் மை போட்டு அடித்துவிடுங்கள். தூக்கில் போடுவதற்கு மீதி போதும்.